அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்ற வரலாறு

கூடுவாஞ்சேரி ரயிலடியில் இறங்கி ஞாயிறு பூசைக்கு வருவோரில் ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர்கள் சிலரும் உண்டு. மறைமலைநகர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அவர்களுக்கு வேலை. அவர்களில் ஒருவர் ஒரு நாள் பாவசங்கீர்த்தனத்திற்கு வந்து முழந்தாளிட்டார். நமக்கு இந்தி வராது. அவருக்குத் தமிழ் வராது. நடுவில் ஆள் வைத்துக் கேட்கக்கூடிய காரியமா அது? அன்றிரவு நமது நினைவில் நின்றவர் அண்டிரிக் அடிகளார். ஆகவே இவ்விழா மலரில் அவரைப் பற்றிச் சிறிது எழுதுகிறோம்.

அவர் 1520ஆம் ஆண்டில் போர்ச்சுக்கல் நாட்டின் விலா விசோசா ஊரில் பிறந்தவர். யூத வழியினர் என்பதால் பிரான்சிஸ்கு சபையில் நிலைக்க முடியாமல் போயிற்று. 1545இல் சேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே கப்பலேறிக் கோவா வந்தார்; 1547இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே பரதவ மக்கள் 1535 முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். தண்ணீர் ஊற்றியாயிற்று, போதிக்கத்தான் ஆளில்லை. 1542இல் வந்த அர்ச். சவேரியார், ஊரார் உதவியுடன் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துத் தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் எதிரிலிருப்பவர் திருப்பிக் கேட்கும் கேள்விக்கு மனப்பாடம் விடை சொல்லாது. அதற்குத் துபாசி தேவைப்பட்டது. துபாசி எதைச் சொன்னார், எதை விட்டார் என்பது யாருக்குத் தெரியும்?

அண்டிரிக் அடிகளார் வேறு வழி பிடித்தார். தாம் அறிந்த இலத்தீன் இலக்கணத்தின் போக்கில் தமிழின் வேற்றுமைகளையும் வினைத்திரிபுகளையும் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். இந்த முயற்சியை 1548இல் வேம்பாற்றிலிருந்து அர்ச். இஞ்ஞாசியாருக்குக் கடிதமாகவும் எழுதினார். பரங்கி நாவுக்கு ழகரம் எளிதா? கடற்கரைப் பெண்களும் பிள்ளைகளும் எத்தனை முறை சிரித்திருப்பார்கள்! அந்தச் சிரிப்புக்குக் கூசியிருந்தால் அவருக்குத் தமிழ் வந்திராது. போர்ச்சுகீசிய மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் கையெழுத்துப் படியாகவே லிஸ்பனில் கிடந்தது. 2013இல்தான் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

1549இல் வேதாளையில் அந்தோணி கிரிமினாலி சுவாமி கொல்லப்பட்டதும், துறை முழுவதன் பொறுப்பும் இவர் தோளில் விழுந்தது. மற்றக் குருக்களையும் இவர் தமிழ் படிக்க வைத்தார். தங்களுக்குள் பேசுவதும் தமிழிலேயே என்ற ஏற்பாடும் இருந்தது.

பிறகு அச்சு வந்தது. 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் 16 பக்கங்களில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளியாயிற்று. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. (1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ்ச் செபநூல் அச்சானதுண்டு, அது உரோமை எழுத்தில்.) அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டித் தந்தவர்கள் துறை மக்களே. அதை நம்மவர் பலர் மறந்துவிடுகிறோம். 1579இல் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1586இல் ‘அடியார் வரலாறு’ ஆகியவை தொடர்ந்தன. இடையில் 1580இல் பாவசங்கீர்த்தனத்திற்கென்றே ஒரு நூல் கொச்சியில் அச்சாயிற்று. அதன் பெயர் ‘கொம்பெசியோனாயரு’! பெயர் தமிழாகவில்லை, பின்னாளில் 1606இல் மதுரை வந்த தத்துவ போதக சுவாமிகள் போன்றோர் அந்தக் குறையைத் தீர்க்க உழைத்தனர். ஆயினும் பாவத்தைத் தன் வாயால், தன் பேச்சில் சொல்லித் தீர்க்கத் துறை மக்களுக்கு வழி பிறந்தது.

1600இல் அவர் இறைவனடி சேர்ந்தார். துறைக்கு வந்து ஐம்பத்து மூன்று ஆண்டுகள்.

நாம் இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்த இளைஞரிடமே இந்தி படிக்கிறோம். ஒரே ககரத்தில் வளர்ந்த நாக்கு, நான்கு ககரங்களுக்கு முன் திணறுகிறது. பிள்ளையாண்டான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஃபாதர், பிர் ஸே” என்கிறான். “மறுபடியும் சொல்லுங்கள்” என்று பொருளாம்.