தீயில் தெரியும் உரு: அண்ணாமலை முதல் ஏரியூர் வட்டாரம் வரை

எரியும் தீயை உற்றுப் பார்ப்பவருக்கு முகம் தெரிகிறது, படமெடுத்த பாம்பு தெரிகிறது, ஆள் எழுந்து நிற்பதும் தெரிகிறது. இதில் ஒரு பங்கு தீயினுடையது. நுண்ணிய கரித்துகள்கள் வெப்பத்தில் ஒளிர்வதால் சுடர் மஞ்சளாகிறது. சூடான காற்று மேலெழும்பும் வேகத்தில் அது துடிக்கிறது. சிறு விளக்கின் சுடர் துடித்தால் நொடிக்குப் பத்து முறைக்கும் மேல் துடிக்கும். ஒரு மீட்டர் அகலத் தீக்கு நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரைத் துடிப்புதான். அந்த நிதானம் உயிருள்ள உடலின் அசைவுக்கு நெருக்கமானது. பெருந்தீயில் உரு எளிதாகத் தோன்ற அதுவும் ஒரு காரணம் எனலாம். மறுபங்கு, பார்ப்பவர் முன்பே கேட்டிருந்த கதையினுடையது. தமிழகத்தில் அந்தப் பங்கு மாறிவந்த வரலாறே இங்கு நம் அக்கறை.

ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் தம் பதிகங்கள் பெரும்பாலானவற்றின் ஒன்பதாம் பாடலில் தீத்தூணாய் நின்ற சிவனின் அடிமுடியை அயனும் மாலும் தேடிய, அண்ணாமலைக்குரிய கதையைச் சொன்னார். அப்பர் இலிங்கபுராணத் திருக்குறுந்தொகை என ஒரு பதிகத்தையே அதற்கு ஒதுக்கினார். கவனிக்க வேண்டியது, இது பெரும்பாலும் காணாமையின் கதை. அப்பர் பதிகத்தின் இறுதிப் பாடலில் மட்டும் சிவன் இலிங்கத்தில் தோன்றுகிறார்; மற்றபடி தீத்தூண் எதையும் காட்டவில்லை. தேடிய இருவரும் தோற்றார்கள்.

சிற்பிக்கு இது போதவில்லை. காணாமையைக் கல்லில் எப்படிச் செதுக்குவது? எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுந்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலேயே தூண் பிளந்து உள்ளே சிவன் நிற்கிறார். சோழர் காலத்தில் இப்படித் தூணில் தோன்றும் இலிங்கோத்பவர் கருவறையின் பின்சுவர் மாடத்தில் நிலையான இடம் பெற்றார். மேலே அன்னமாக அயன், கீழே பன்றியாக மால். பாதமும் முடியும் மட்டும் மறைவு. பாடலில் தோற்றுப்போன பார்வைக்குக் கோயில் பாதி வெற்றி தந்துவிட்டது என்பேன். கார்த்திகைத் திருநாளில் சொக்கப்பனை கொளுத்தும்போது அதே தூண் பனையோலைத் தீயாக ஊர் நடுவே எழுகிறது. மாடத்துச் சிலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதில் உரு காண்பது கடினமல்ல.

எதிர்த்திசையில் நடந்தவர் வள்ளலார். சிறுவனாகச் சென்னையில், கண்ணாடிக்கு எதிரே விளக்கேற்றி உட்கார்ந்தபோது தணிகை முருகனைக் கண்டார் என்கின்றன அவரது வரலாறுகள். வடலூர் சத்திய ஞான சபையில் 1872 ஜனவரி 25 அன்று முதல் சோதி தரிசனம் நடந்தது. அங்கேயும் விளக்கும் கண்ணாடியும்தான். ஆனால் ஏழு திரைகளுக்குப் பின்னால் முருகன் இல்லை, எந்த மூர்த்தியும் இல்லை. 1873 கார்த்திகையில், மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் உள்ளிருந்த விளக்கை வெளியே வைத்து, அதையே வழிபடச் சொன்னார். அரை நூற்றாண்டுக்குள் ஒரே மனிதரிடம், அதே பொருள்களைக் கொண்டு, உரு கரைந்துபோனது. தமிழ்ச் சமய வரலாற்றில் இதற்கு இணையான திருப்பம் அதிகமில்லை.

வடலூர் காட்டிய வழியில் நாட்டார் வழிபாடு நடக்கவில்லை. ஏரியூர் அமைந்துள்ள தருமபுரி மாவட்டத்தின் சிற்றூர்களில் பாரதம் நடத்துவது இன்றும் பெரிய விழா. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. கடைசியில் படுகளம்: களிமண்ணால் செய்த துரியோதனன் மண்ணில் கிடக்க, திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். பிறகு தீமிதி. வேள்வியில் பிறந்த திரௌபதியம்மன் தன் முந்தானையைக் குழியில் விரித்திருக்கிறாள், அதனால் கால் சுடாது என்பது பக்தர் நம்பிக்கை. இங்கே சுடர் அடங்கிவிடுகிறது. பரப்பிக் கிடப்பது தணல். துடிக்கும் ஒளி, நெளியும் நிழல் என்று கண்ணை ஏய்க்கக்கூடியவை மிகக் குறைவு. இருந்தும் காட்சி வலுவாக இருக்கிறது. பல நாள் கேட்ட கதை அதைத் தாங்குகிறது என்பதே என் வாதம்.

இதைச் சோதிக்க வழியுண்டு. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களில், தீமிதியன்று மட்டும் ஊர் திரும்பிக் குழியில் இறங்குபவர் உண்டு. பிரசங்கமும் கூத்தும் கேளாத அவர்கள் தணலில் எதைக் கண்டார்கள், எல்லா இரவும் விழித்திருந்தவர்கள் எதைக் கண்டார்கள் என்று தனித்தனியே கேட்டுப் பதிவுசெய்யலாம். அதற்கு ஏரியூர் வட்டாரம் பொருத்தமான களம்.