முதுகிலேறி மலைக்குப் போன குழந்தைகள்

போடிநாயக்கனூருக்கு அருகிலுள்ள ராசிங்காபுரத்தில் நின்று மேற்கே பாருங்கள். மலைத்தொடர் சுவர்போல எழுந்து நிற்கும். இன்று போடிமெட்டுச் சாலையில் பேருந்தேறி மேலே போய்விடலாம். சாலையில்லாத காலத்தில், தத்தித் தத்தி நடக்கும் குழந்தையுடன் ஒரு குடும்பம் இம்மலையை எப்படி ஏறியிருக்கும்?

விடை ஒரு பெயரில் இருக்கிறது. மூணாறைச் சுற்றியுள்ள உயர்மலைகளில் வாழும் பழங்குடியினர் முதுவர். தம் முன்னோர் மதுரையில் வாழ்ந்தவர்கள், பாண்டியன் காலத்துப் போரினால் மலைக்கு ஓடிவந்தவர்கள் என்பது இவர்களது வழிவழிச் செய்தி. போடிநாயக்கனூரை அடைந்தபோது கருவுற்ற பெண்களைக் கீழேயே விட்டுவிட்டு மற்றவர்கள் ஏறினார்களாம். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் இக்கதை பதிவாகியுள்ளது. குழந்தைகளை முதுகில் சுமந்து ஏறியதால் 'முதுவர்' என்ற பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. மீனாட்சியம்மன் திருவுருவைச் சுமந்ததால் வந்தது என்போரும் உளர். இவை வரலாற்றுச் சான்றுகள் ஆகா. ஆயினும் ஒரு மக்கட்கூட்டம் எதை மறக்கவில்லை என்பதைக் காட்டுகின்றன.

முதுகில் கட்டிச் சுமப்பதில் ஓர் அறிவியல் உண்மையும் அடங்கியிருக்கிறது. போடி கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. மூணாறுக்குக் கிழக்கே மலை விளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷன் சுமார் 1,700 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஆகவே மேலே சேரும்போது குளிர் 8 அல்லது 9 டிகிரி கூடியிருக்கும். ஏறுகின்ற தாய்க்கு அது தெரியாது. உழைக்கும் தசைகள் வெப்பம் தருவதால் அவளுக்கு வியர்க்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த வெப்பம் இல்லை. மேலும், அண்டா வெந்நீரைவிடக் குவளை வெந்நீர் விரைவில் ஆறுகிறதல்லவா? அதுபோல, எடையோடு ஒப்பிட்டால் தோற்பரப்பு மிகுந்த சிற்றுடலும் விரைவில் வெப்பத்தை இழக்கும். தாயின் முதுகோடு சேர்த்துத் துணியால் கட்டினால் அவள் உடற்சூடே குழந்தைக்குக் கம்பளியாகிறது.

பின்னர் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. 1902-இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. 1908-இல் அது குறுகிய இருப்புப்பாதையாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கி, வண்டியில் போடிக்கு வந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையை அழித்தது. பெட்டிகள் இறங்கிய வழிக்கு ஆண்டுக்கணக்கு இருக்கிறது. கைக்குழந்தையோடு தோட்ட வேலைக்கு மலையேறிய தாய்மாரின் நடைக்கு அப்படி ஒரு கணக்கை யார் எழுதினார்கள்?

நீங்களும் குழந்தையோடு மலையேறினால் ஒன்றை நினைவில் வையுங்கள். உங்களுக்கு வியர்க்கிறது என்பதற்காகக் குழந்தையின் போர்வையை எடுத்துவிடாதீர்கள். அடிக்கடி நின்று, அதன் மார்பையும் பிடரியையும் தொட்டுப் பாருங்கள். குளிர்கிறது என்று சொல்ல அதற்கு இன்னும் பேச்சு வரவில்லை.