தைரியநாதர் வீரமாமுனிவரான கதை: புது நாட்டுக்கு ஊழியத்துக்குப் போறீங்களா?

களமருதூர், உளுந்தூர்பேட்டை பக்கம் உள்ளவர்களுக்குக் கோணான்குப்பம் புதிதல்ல. விருத்தாசலம் வட்டாரத்தில் இருக்கும் பெரியநாயகி மாதா கோயில் அது. உள்ளே போனால் மாதா நம்ம ஊர்ப் பெண்ணைப் போலப் புடவையில் இருப்பார். அந்தக் கோயிலை எழுப்பியவர் இத்தாலிக்காரர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நமக்குப் பாடப்புத்தகத்தில் அறிமுகமான வீரமாமுனிவர்!

இன்று காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் ஜெர்மனி, இத்தாலி என்று ஊழியத்துக்குப் போகிறார்கள். குளிர், மொழி, தனிமை... எல்லாமே புதுசு. 300 வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

முதலில் மொழி

1680-ல் பிறந்த பெஸ்கி, 1710-ல் கோவாவில் இறங்கி, பிறகு மதுரை மிஷனுக்கு வந்தார். தன் பெயரின் பொருளையே தமிழாக்கி 'தைரியநாதர்' ஆனார். காவி அங்கி, தலைப்பாகை என உடையும் மாறியது. பேச்சுத் தமிழோடு அவர் நிற்கவில்லை. 3,615 பாடல்கள் கொண்ட 'தேம்பாவணி', 1732-ல் 'சதுரகராதி' அகராதி, சிரிக்க வைக்கும் பரமார்த்த குரு கதை என்று எழுதித் தள்ளினார். எ-ஏ, ஒ-ஓ எழுத்துகளுக்கு நாம் இன்று காட்டும் வேறுபாடும் அவர் செய்த சீர்திருத்தம்தான்.

1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர் சீகன்பால்குவுக்கு அப்போது வயது 23. திண்ணைப் பள்ளிக் குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதி 'அ, ஆ' படித்தார். ஆனால் உள்ளூர்க்காரர்களைவிட அவரைப் படுத்தியது சொந்த ஐரோப்பியர்கள். டேனிஷ் தளபதி அவரை நான்கு மாதம் சிறையில் வைத்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி அனுப்பிய நூலை ஜெர்மனியில் இருந்தவர்கள் அச்சிட மறுத்தார்கள். அது வெளிவந்தது 1867-ல்! புது ஊரைப் புரிந்துகொள்ள ஆரம்பித்தால் சொந்த ஊர் சந்தேகமாகப் பார்க்கும். இதற்கும் மனசைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

சோர்வு வந்தால் பயப்படாதீங்க

'கலாசார அதிர்ச்சி' என்ற சொல்லைப் பரவலாக்கியவர் மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க். 1954-ல் ரியோ டி ஜெனிரோவில் இதைப் பற்றிப் பேசினார். முதலில் எல்லாமே அழகாகத் தெரியும். பிறகு எரிச்சல், வீட்டு ஏக்கம். அப்புறம் மெல்ல மீட்சி, கடைசியில் பழக்கம். இந்த இரண்டாம் கட்டத்தில்தான் பலர் 'நமக்கு இது சரிப்படாது' என்று பெட்டியைக் கட்டுகிறார்கள். அது உங்கள் விசுவாசத்தின் தோல்வி இல்லை, எல்லோரும் கடக்கிற பாதைதான். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யும் அளவுக்காவது மொழி, மனசு விட்டுப் பேச உள்ளூரில் ஒரு நண்பர், ஊருக்கு போன் பேச ஒரு நேரம். இந்த மூன்றும் இருந்தால் கரையேறலாம்.

எதை ஏற்கக் கூடாது?

கஷ்டமான கேள்வி இதுதான். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காவி கட்டினார், சைவம் சாப்பிட்டார், சந்தனம் பூசினார். பூணூல், குடுமி போன்ற பழக்கங்களைப் புதுக் கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ள 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். கூடவே சாதியும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. மேல்சாதியினருக்கு ஒரு குரு, மற்றவர்களுக்கு 'பண்டாரசாமி' என்று பிரிவு வந்தது.

அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. களமருதூர் இருக்கும் இதே வட்டாரத்து எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்ட பிரச்னை 2008 மார்ச்சில் மோதலாக வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள்.

ஆகவே வெளிநாடு போகிறவர்கள் இரண்டு பட்டியல் போட்டுக்கொள்ளலாம். சாப்பாடு, உடை, மொழி, பாட்டு, வணக்கம் சொல்லும் முறை எல்லாம் முதல் பட்டியலில். தாராளமாக மாறுங்கள். மனிதரை மனிதர் தாழ்த்தும் எந்த வழக்கமும் இரண்டாவது பட்டியலில். அது அந்த ஊர்ப் பழக்கமாக இருந்தாலும் சரி, நாம் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும் சாதியாக இருந்தாலும் சரி, இடம் கொடுக்காதீங்க.

அடுத்த முறை கோணான்குப்பம் போனால், புடவை கட்டிய மாதாவைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வந்த இடத்து மக்களைத் தன் மக்களாக நினைத்த ஒருவர் எழுப்பிய கோயில் அது.