பாரதிதாசன் கவிதைகள் (முதல் தொகுதி)

பாரதிதாசன் கவிதைகள் (முதல் தொகுதி) என்பது புதுச்சேரியைச் சேர்ந்த கவிஞர் பாரதிதாசன் (1891-1964) இயற்றி, 1938 ஆம் ஆண்டில் வெளிவந்த கவிதை நூல் ஆகும். இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கவிஞரின் கொள்கையிலும் தமிழ்ச் சமூக அரசியலிலும் நிகழ்ந்த மாற்றங்களை இந்நூலில் காணலாம்.

பின்னணி

கனக சுப்புரத்தினம் என்ற இயற்பெயர் கொண்ட இவர், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அங்கு 1908 முதல் 1918 வரை தங்கியிருந்த சுப்பிரமணிய பாரதியாருடன் நெருங்கிப் பழகித் தம் பெயரைப் பாரதிதாசன் என வைத்துக்கொண்டார். தொடக்கத்தில் பக்திப் பாடல்களும் தேசியப் பாடல்களும் இயற்றினார். 1926 இல் மயிலம் முருகன் மீது துதிநூல் எழுதிய இவர், சில ஆண்டுகளிலேயே பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் இணைந்து பகுத்தறிவுக் கருத்துகளைப் பாடத் தொடங்கினார்.

வெளியீடு

இத்தொகுதியைக் குத்தூசி குருசாமியும் அவருடைய துணைவியார் குஞ்சிதம் குருசாமியும் வெளியிட்டனர். கடலூர் தி. கி. நாராயணசாமி நாயுடு பொருளுதவி செய்தார். சென்னை மாகாணத்தில் இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டம் நடைபெற்ற காலம் அது.

உள்ளடக்கம்

நூல் பின்வரும் பகுதிகளைக் கொண்டது:

* காவியம்
* இயற்கை
* காதல்
* தமிழ்
* பெண்ணுலகு
* புதிய உலகம்
* பன்மணித்திரள்

காவியப் பகுதியில் மூன்று படைப்புகள் உள்ளன. *சஞ்சீவி பர்வதத்தின் சாரல்* (1930) குப்பன், வஞ்சி என்ற காதலரின் கதை. தொலைவிலுள்ளோர் பேச்சைக் கேட்கச் செய்யும் மூலிகையை இருவரும் உண்கின்றனர். அனுமன் மலையைப் பெயர்ப்பதாகக் கதை சொல்லப்படுவதைக் கேட்டு, தாம் இருக்கும் மலையே பெயர்வதாகக் குப்பன் நடுங்குகிறான். அவன் மருட்சியைத் தெளிவிப்பவள் வஞ்சி. *புரட்சிக்கவி* (1937) பில்கணீயத்தைத் தழுவியது. மூலக்கதையின் காதலை ஏற்றுக்கொண்ட கவிஞர், முடிவை மாற்றினார்: கொலைக்களத்தில் கவிஞன் உதாரன் மக்களிடம் பேச, மக்கள் கிளர்ந்தெழுகின்றனர், முடியாட்சி ஒழிகிறது. *வீரத்தாய்* காவியமும் அரசு மக்களுக்கே உரியதாவதில் நிறைவு பெறுகிறது.

பெண்ணுலகுப் பகுதி குழந்தை மணத்தையும் கைம்பெண்களின் துயரையும் பேசுகிறது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1929 இல் இயற்றப்பட்ட பின்னரும் அவ்வழக்கம் நீடித்தது. 'தவிப்பதற்கோ பிள்ளை?' என்ற கவிதை, வெளிப்படையாகப் பேசத் தயங்கப்பட்ட கருத்தடையை ஆதரித்தது. புதிய உலகம் பகுதியில் தொழிலாளர் உரிமையும் பொதுவுடைமையும் இடம்பெறுகின்றன. புதுச்சேரியில் 1936 சூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்திருந்தனர் என்பதை நினைவிற்கொண்டு இப்பகுதியைப் படிப்பது பயன்தரும்.

தாக்கம்

இத்தொகுதியின் கவிதைகள் மேடைப் பேச்சுகளிலும் பாடநூல்களிலும் பரவின. இரண்டாம் தொகுதி 1949 இலும் மூன்றாம் தொகுதி 1955 இலும் வெளிவந்தன. தமிழ்நாடு அரசு 1990 இல் பாரதிதாசனின் படைப்புகளை நாட்டுடைமையாக்கியதால், இந்நூலை எவரும் பதிப்பிக்க இயலும்.