கறுத்துப் போன வெள்ளி ரூபாய்

பழைய வெள்ளி ரூபாய் கறுத்துக் கிடந்தால் நம் பக்கத்தில் அதை அழுக்கு என்றுதான் சொல்வோம். புளி, விபூதி, பூந்திக்கொட்டை என்று எது கைக்கு அகப்படுகிறதோ அதைப் போட்டுத் தேய்த்துவிடுவோம். காரைக்காலில் நான் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் இதற்கு ‘பத்தீன்’ என்றொரு சொல் கேட்டிருக்கிறேன். வெண்கலச் சிலைக்கும் காசுக்கும் காலம் போர்த்திவிடுகிற மேல்தோல் என்று அர்த்தம். பிரெஞ்சில் அது மரியாதையான சொல். நாணயம் சேர்ப்பவர்கள் இங்கிலீஷில் ‘டோனிங்’ என்பார்கள். நம்மிடம் ‘களிம்பு’ இருக்கிறது. அதைக் கேட்டாலே கை சாம்பலைத் தேடும்.

கம்பெனியார் 1835-இல் நாடு முழுதுக்கும் ஒரே ரூபாய் கொண்டுவந்தார்கள். எடை 11.66 கிராம். நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, மீதி செம்பு. விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் என்று தலைகள் மாறினாலும் தரம் மாறவில்லை. போர் வந்ததும் 1940-இல் வெள்ளி பாதியானது. செம்பு 40 பங்கு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. 1947 என்று ஆண்டு போட்ட புலி ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழு நிக்கல். இந்த மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்துப் பாருங்கள். ராணி ரூபாய் ஓரத்தில் நீலமும் ஊதாவுமாகத் திரும்பி மெல்லக் கறுக்கும். 1944-ஆம் வருஷத்து ரூபாய் பழுப்பேறி மங்கும். புலி அப்படியே இருக்கும்.

காற்றில் கொஞ்சமாகக் கலந்திருக்கும் கந்தக வாயுதான் காரணம். அது வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற படலத்தை உண்டாக்குகிறது. படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது இளமஞ்சள், கொஞ்சம் தடித்தால் செவ்வூதா, பிறகு நீலம், கடைசியில் கறுப்பு. மழைநாளில் ரோட்டுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் வானவில் தெரியுமே, அதே கணக்கு. கந்தகம் எங்கே இருக்கிறதோ அங்கே வேகம் அதிகம். ஆபீசில் காகித உறையைக் கட்டும் ரப்பர் பேண்டில் கூடக் கந்தகம் உண்டு. வெள்ளிக் காசின்மேல் அதைச் சுற்றி வைத்தால் சில வருஷத்தில் கறுப்புக் கோடு விழுந்துவிடும்.

அமெரிக்காவில் மோர்கன் டாலர் என்ற வெள்ளிக் காசுகள் பல பத்தாண்டுகள் துணிப்பைகளில் கிடந்தன. துணியைத் தொட்டுக்கொண்டிருந்த காசுகள் பல நிறத்தில் மாறின. இன்று அவற்றுக்குச் சாதாரணக் காசைவிடப் பல மடங்கு விலை. விலை வந்தால் போலியும் வரும். அவித்த முட்டையை நறுக்கிக் காசோடு மூடி வைத்தால் போதும், சீக்கிரமே நிறம் ஏறிவிடும். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்காரர்களுக்கு அந்த வாயுவின் வாசனையைச் சொல்லித்தர வேண்டியதில்லை! தானாக ஏறிய நிறம் ஒன்றிலிருந்து ஒன்றாக மெல்ல மாறும். ஏற்றிய நிறம் திட்டுத் திட்டாக, திடீரென்று மாறும். ஆனால் கைதேர்ந்தவன் செய்தால் கண்டுபிடிப்பது கஷ்டம்தான்.

இராசிபுரத்தில் எனக்கு ஒரு சிநேகிதர். பாட்டி பெட்டியில் முப்பது நாற்பது ராணி ரூபாய் கிடைத்தது. என்னிடம் சொல்வதற்குள் வீட்டுப் பெண்கள் எல்லாவற்றையும் புளித் தண்ணீரில் ஊறவைத்து விபூதியால் துலக்கிவிட்டார்கள். பளபளவென்று இருந்தது. நாணயம் வாங்குபவர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு வெள்ளி எடைக்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன் என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கறுப்புப் படலத்திலேயே காசின் வெள்ளி கொஞ்சம் கலந்திருக்கிறது, அது புளியோடு போயிற்று. விபூதித் துகள் கீறின கீறல் எந்தக் காலத்திலும் மறையாது. கடைசியில் அவை சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒன்றுக்குப் போய்க் கொலுசாகிவிட்டன. நம் ஜில்லாவில் எத்தனை ராணிகள் இப்படிக் கால்களில் நடக்கிறார்களோ!

அதற்காக எந்தக் காசையும் தொடவே கூடாது என்று சொல்லமாட்டேன். கரூர் அமராவதி ஆற்று மணலில் சங்க காலச் சேரர் காசுகள் கிடைத்தன. ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ என்ற பெயர்களோடு, நம் கொல்லிமலையை நினைவூட்டும் ‘கொல்லிப்புறை’ என்ற பெயரும் அவற்றில் உண்டு. மண்ணும் களிம்பும் மூடிக் கிடக்கும் காசைச் சுத்தம் செய்யாமல் எழுத்தை வாசிப்பது எப்படி? செம்புக் காசில் வெளிர்பச்சையாகப் பொடி உதிர்ந்தால் அது நோய். உப்புச் சத்து உள்ளே புகுந்து அரிக்கிறது, விட்டால் காசே மிஞ்சாது. இதெல்லாம் தெரிந்தவர்கள் கையால் நடக்கவேண்டிய வேலை. நம் வீட்டு ராணி ரூபாய்க்கு அப்படி ஒரு அவசரமும் இல்லை. அதில் இருப்பதெல்லாம் கறுப்போடேயே வாசிக்கலாம். சொல்லப்போனால் பள்ளத்தில் கறுப்பு நின்றால் எழுத்து இன்னும் எடுப்பாகத் தெரியும்.

வீட்டில் பழைய காசு வைத்திருப்பவர்கள் ஓரத்தைப் பிடித்து எடுங்கள், முகத்தில் விரல் படவேண்டாம். மெத்தென்ற பி.வி.சி. உறை கூடாது, நாளாக நாளாக அதிலிருந்து பச்சைப் பிசுக்கு இறங்கிக் காசைக் கெடுக்கும். கம்பளித் துணியும் வேண்டாம். ஈரம் இல்லாத பெட்டியில், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வையுங்கள். தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது அந்தப் பெட்டியை மட்டும் யாரும் திறக்காதபடி சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.