கலிங்கமும் கஞ்சியும்

சவ்வாது மலையில் தோன்றும் செய்யாற்றைச் சேயாறு என்னும் பழம்பெயரால் சுட்டுவது மலைபடுகடாம். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் கொண்ட இப்பாட்டின் தலைவன் நன்னன். அவனுடைய செங்கண்மா, மலையடிவாரத்துச் செங்கமே என்பர் அறிஞர். மலைவழியையும் கானவர் விருந்தையும் இப்பாட்டில் சுவைத்தவர் பலர். பாட்டின் இறுதியில் கூத்தர் பெறும் உடையைக் கருதியவர் சிலரே. ஊனும் வெண்ணெல் அரிசியும் பெறுமுன்னரே அவர்தம் இடையில் நன்னன் அணிவிப்பது கலிங்கம். இழை ஓடும் இடம் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணூல் ஆடை அது.

கலிங்க நாட்டிலிருந்து வந்த துணி அந்நாட்டின் பெயரையே பெற்றது என்பது பெரும்பான்மையோர் கொள்கை. கோழிக்கோட்டின் பெயரால் காலிகோவும், மோசூல் நகரின் பெயரால் மசுலினும் ஐரோப்பிய மொழிகளில் புகுந்தமை இதற்கு ஒப்பு நோக்கத்தக்கது. ‘கலி’ என்பதற்கு ஒலி என்னும் பொருளுண்மையால், உடுத்தும்போது மடமடவென ஒலிப்பது பற்றி வந்த தமிழ்ப் பெயரே இஃது என்று எண்ணவும் தோன்றும். எண்ணம் இனியதே, ஆயின் ஏற்கத்தக்கதன்று. அந்த மடமடப்பு நூலின் இயல்பன்று. துணிக்குப் பின்னர் ஊட்டப்பட்டது.

எவ்வாறாயினும், சங்கப் பாடல்களில் இச்சொல் தன் பிறப்பிடத்தை மறந்துவிட்டது. சிறுபாணாற்றுப்படையில் பேகன் மயிலுக்கு அளித்ததும், ஆய் ஆலமர் செல்வனுக்குச் சாத்தியதும் கலிங்கமே. இவ்விடங்களில் நாடு நினைவுக்கு வருவதில்லை, ஆடையே வருகிறது.

இனி, கலிங்கத்தின் விறைப்புக்குச் சான்று மதுரைக்காஞ்சியில் கிடைக்கிறது. பாண்டியன் நெடுஞ்செழியன் காலையில் உடுத்தும் கலிங்கத்தை, சோற்றின் நீர் ஏறியதாக மாங்குடி மருதனார் அடைமொழி தந்து கூறுகிறார். கஞ்சியிட்ட துகில் என்பது பொருள். 1889-இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள் தொட்டு இவ்வடி அச்சில் உள்ளது. ஆயினும், அரசன் உடுத்தியது சோற்றுக்கஞ்சி தோய்ந்த ஆடை என்பதைச் சொற்பொழிவாளர் விரும்பிச் சொல்வதில்லை. பட்டு என்று சொல்லிக் கடந்துவிடுவர்.

அரசனுக்கு மட்டுமே உரிய அணியும் அன்று அது. நற்றிணையின் 90-ஆம் பாட்டு விழவு நிகழும் ஒரு மூதூரைக் காட்டுகிறது. அவ்வூர்ப் புலைத்தியின் கைக்கு ஓய்வில்லை. இரவில் அவள் தோய்த்துக் கஞ்சியூட்டிய கலிங்கத்தை உடுத்த இளம்பெண், பனைநாரால் திரித்த ஊசலில் தோழியர் ஆட்டவும் ஆடாமல் அழுதுகொண்டு அகல்கிறாள். பாடியவர் அஞ்சில் அஞ்சியார். பாட்டின் பொருள் காதற்பூசல். ஆனால் விழாவுக்கு முந்திய இரவில் ஊரெல்லாம் உறங்க, ஒருத்தி மட்டும் கஞ்சியில் கைவைத்திருந்த செய்தியும் அதற்குள் இருக்கிறது.

குறுந்தொகை 330-ஆம் பாட்டில் கலிங்கம் என்னும் சொல் இல்லை, செயல் இருக்கிறது. பசையில் தோய்த்து, அடித்து, முறுக்கிக் குளிர்ந்த குளத்தில் இட்ட துணி, நீரில் பிரியாத பருத்த திரியாகக் கிடக்கிறது. பகன்றையின் வெண்ணிற மலருக்கு அது உவமை. முறுக்கு அவிழும் மொட்டைக் கண்டவர்க்கே இவ்வுவமையின் நுட்பம் புரியும். துணிக்குப் பூவை உவமையாக்குவது எளிது. பூவுக்குத் துணியை, அதுவும் வெளுக்கும் துறையில் கிடக்கும் ஈரத்துணியை உவமையாக்கியது புதுமை.

பிற்காலத்தில் இழிவுச் சொல்லாகிவிட்ட புலைத்தி என்பதை இப்புலவர்கள் கையாண்ட முறை ஈண்டுக் கருதற்குரியது. நலம் வாய்ந்தவள் என்கிறது குறுந்தொகை. வறுமையற்றவள் என்கிறது நற்றிணை. அகநானூறு அவளைப் பசை படிந்த விரலால் அடையாளம் காட்டுகிறது. அக்காலச் சமூகத்தில் அவளுக்கு உயர்நிலை இருந்தது என்று இதனால் வாதிடுதல் மிகையாகும். அவள் தொழிலைப் புலவர் அருகிருந்து பார்த்திருக்கின்றனர் என்பது மட்டும் உறுதி.

கலிங்கம் பின்னர்ப் பேச்சிலிருந்து நீங்கி நிகண்டுகளில் ஒதுங்கிற்று. செயங்கொண்டாரின் பரணிக்குப் பிறகு அச்சொல்லைக் கேட்டவுடன் போர்க்களமே பலர்க்கும் நினைவில் எழுகிறது. மரபுக்கவிதை எழுதுவோர் எதுகைக்கு ஆடைப்பெயர் வேண்டும்போது மட்டும் அதனை மீண்டும் அழைக்கின்றனர்; அப்போதும் நெகிழ்ந்து வழுக்கும் பட்டாகவே அதைப் பாடுகின்றனர். மாங்குடி மருதனாரின் கலிங்கம் அவ்வாறு நெகிழாது. கஞ்சியோ, செங்கத்துச் சந்தைக்குப் புறப்படும் முதியவரின் வேட்டி மடிப்பில் மொடமொடவென இருக்கிறது.