ட்ரக்கீ ஆற்று நீர்ப் பங்கீடு

அமெரிக்காவின் கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களுக்கிடையே ட்ரக்கீ ஆற்று நீரைப் பகிர்வதற்காக ஒரு நூற்றாண்டாக உருவான நீதிமன்ற ஆணைகள், உடன்படிக்கைகள், சட்டங்கள் இத்தலைப்பில் அடங்கும். டாஹோ ஏரியில் புறப்பட்டு ரீனோ நகர் வழியே சுமார் 190 கி.மீ. ஓடும் இந்த ஆறு கடலில் கலப்பதில்லை. நெவாடாவின் வறண்ட நிலத்தில் பிரமிட் ஏரியோடு முடிந்துவிடுகிறது. அந்த ஏரி பையூட் பழங்குடியினருக்குரிய நிலத்தில் உள்ளது. அதன் க்வீவி மீனும் டிரவுட் மீனும்தான் அவர்களது பிழைப்பாக இருந்தன.

1905இல் கட்டி முடிக்கப்பட்ட டெர்பி தடுப்பணையிலிருந்து சிக்கல் தொடங்குகிறது. நடுவண் அரசின் தொடக்ககாலப் பாசனத் திட்டங்களில் ஒன்றான நியூலாண்ட்ஸ் திட்டத்துக்காக, ஆற்றின் கணிசமான பங்கு கால்வாய் வழியே கார்சன் ஆற்றுப் படுகைக்குத் திருப்பப்பட்டது. 1960களுக்குள் பிரமிட் ஏரியின் மட்டம் ஏறத்தாழ 24 மீட்டர் இறங்கியது. பக்கத்திலிருந்த வின்னமக்கா ஏரி அடியோடு வற்றியது. முட்டையிட ஆற்றில் ஏற வழியின்றி 1940களில் ஏரியின் டிரவுட் இனம் அற்றுப்போனது. 1967இல் க்வீவியும் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது.

நீர் உரிமைகளை வரையறுக்க நடுவண் அரசு 1913இல் தொடுத்த வழக்கு 1944இல்தான் முடிந்தது. ஆர் டிட்ச் தீர்ப்பாணை எனப்படும் அது, ஆற்றிலேயே மூத்த உரிமையை, 1859ஆம் ஆண்டு முதல் கணக்கிட்டு, பழங்குடியினருக்கு வழங்கியது. ஆனால் அந்த நீர் வயலுக்கு மட்டுமே; மீனுக்கென்று ஒரு சொட்டும் ஒதுக்கப்படவில்லை. இதில் வியப்பில்லை. பழங்குடியினருக்காகவும், அவர்களது நீரைத் திருப்பிய பாசனத் திட்டத்துக்காகவும் அந்த வழக்கில் வாதாடியது ஒரே அரசுதான். மீன்வளத்துக்கு நீர் கேட்டு அதே அரசு 1973இல் மீண்டும் நீதிமன்றம் ஏறியபோது, முடிந்த வழக்கைத் திறக்க இயலாது என்று 1983இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது.

இதற்கிடையே இரு மாநிலச் சட்டமன்றங்களும் 1970, 1971 ஆண்டுகளில் ஒரு பங்கீட்டு உடன்படிக்கையை நிறைவேற்றியிருந்தன. பழங்குடியினர் எதிர்த்தனர், அரசமைப்புப்படி தேவையான நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்கவேயில்லை.

முடிச்சு அவிழ்ந்தது ஓர் அணையால். 1970இல் கலிபோர்னியாவில் முடிந்த ஸ்டாம்பீட் அணையின் நீரை உள்துறைச் செயலர் மீன்களுக்கே ஒதுக்கினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1984இல் அதைச் சரியென்றது. ரீனோவுக்குக் குடிநீர் வழங்கிய சியெரா பசிபிக் மின் நிறுவனத்துக்கோ, வறட்சிக்காலத்துக்கு நீரைத் தேக்கிவைக்க இடம் வேண்டும். வழக்கில் கிடைக்காதது பேரத்தில் கிடைத்தது. பழங்குடியினரோடு செய்த 1989 உடன்பாட்டின்படி நிறுவனம் தன் நீரை அரசு அணைகளில் சேமிக்கலாம். வறட்சியில்லாத ஆண்டுகளில் மிஞ்சுவது மீனுக்குப் போகும்.

இந்த உடன்பாட்டை உள்ளடக்கிய சட்டம், நெவாடா செனட்டர் ஹாரி ரீடின் முயற்சியால் 1990 நவம்பரில் நிறைவேறியது. டாஹோ படுகையில் ஆண்டுக்கு 34,000 ஏக்கர் அடி (சுமார் 1.5 டி.எம்.சி.) எடுக்கலாம்: கலிபோர்னியாவுக்கு 23,000, நெவாடாவுக்கு 11,000. டாஹோவுக்குக் கீழே ட்ரக்கீ படுகையில் கலிபோர்னியாவுக்கு 32,000 ஏக்கர் அடி. அதில் ஆற்றுநீர் 10,000ஐத் தாண்டக் கூடாது. எஞ்சியது நெவாடாவுக்கு. பழங்குடியினருக்கு மீன்வள நிதியாக 2.5 கோடி டாலரும் பொருளாதார மேம்பாட்டுக்கு 4 கோடி டாலரும் ஒதுக்கப்பட்டன. மாநிலங்களுக்கிடையே நீரை நாடாளுமன்றமே பங்கிட்டது, கொலராடோ ஆறு குறித்த 1928ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இதுவே முதல் முறை.

எழுதியது எளிது, நடத்துவது அரிது. அணைகளை இயக்கும் விதிகள் உருவாகும்வரை பங்கீடு நடைமுறைக்கு வர முடியாது. நடுவண் அரசு, இரு மாநிலங்கள், பழங்குடியினர், ரீனோ குடிநீர் வாரியம் உட்பட 16 தரப்பினர் 2008 செப்டம்பரில் இயக்க ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நியூலாண்ட்ஸ் பாசன மாவட்டம் சேரவில்லை. வழக்குகளைக் கடந்து, சட்டம் பிறந்து 25 ஆண்டுகளுக்குப் பின், 2015 டிசம்பர் 1 அன்று ஒப்பந்தம் செயலுக்கு வந்தது.